உயரமான ஆளுக்கு ஒரு கில்ட்

பெங்களூர்
6-9-1986

அன்புள்ள குமாரிக்கு,

இந்த ஊர் மழை நம் ஏற்காட்டு மழை மாதிரி இல்லை. கொட்டிவிட்டு உடனே போய்விடுகிறது, பின்னால் பனிமூட்டம் வருவதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனையும் அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

ஓட்டலில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாமல் தனியாக ஒரு ரூம் பார்க்க முடியாது, ரூம் பார்க்காமல் உன்னைக் கூட்டிவரவும் முடியாது. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். அவசரமாக ஒரு கில்ட் வேண்டியிருக்கிறது. இங்கே ஒரே ஒரு கடையில் பார்த்தேன். விலையைக் கேட்டுவிட்டு, வேறு எதையோ பார்க்க வந்தவன் மாதிரி வெளியே வந்துவிட்டேன். நம் ஊர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரி. யாராவது போட்டுக் கழித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பார்வைக்கு லட்சணமாக இருந்தால் போதும். ஆள் நல்ல உயரம். மற்றவர்களுக்குச் செய்த அளவு சரிப்படாது. இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு வரைக்கும் இடுப்புச் சுற்றளவு.

இதற்குமேல் விவரமாக எழுத முடியாத நிலைமை. ஏன் என்று உனக்கே தெரியும். புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
தேவசிகாமணி


ஏற்காடு
14-9-1986

மாமாவுக்கு ஜெயகுமாரி எழுதுவது.

உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன்னால் உங்கள் அண்ணனுக்குக் கிடைத்தது. வழக்கம்போல ராத்திரி செபம் முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்தார். மழையைப் படித்தார். ரூமைப் படித்தார். கில்ட் வந்ததும் ஒரு தடவை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

உங்கள் அண்ணி மரியபுஷ்பம் அக்கா சும்மா இருப்பாரா? "ஏங்கண்ணு, இடுப்புக்குக் கில்ட்டுன்னா ஒட்டியாணமா? யாருக்காமாம்?" என்று கேட்டார். நூலை எடுத்து என் இடுப்பில் சுற்றிப் பார்த்தவரும் அவர்தான். ஒரு சுற்று வந்த பிறகும் முதல் முடிச்சு வரைக்கும் ஒரு சாணுக்குமேல் மிச்சம் தொங்கியது. "நொம்பப் பெரிய உடம்பாட்ட இருக்குது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். உங்கள் அண்ணன் சிரிக்கவில்லை. உபதேசியார் இல்லையா? கோயிலில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர். "ஃபாதர்கிட்டப் போயி ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லி நாளைக்கே அவனுக்கு எழுதோணும்" என்றார்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த உயரமான ஆள் யார்?

எங்கள் அப்பா போட்ட சங்கிலியை விற்றுத்தான் நீங்கள் பெங்களூருக்குப் போனீர்கள். அதற்குப் பதிலாகச் சேலத்தில் ஒரு கில்ட் சங்கிலி வாங்கி நீங்களே என் கழுத்தில் போட்டீர்கள். "ஆருக்குந் தெரியாது குமாரி, தங்கமாட்டவே இருக்குது" என்றீர்கள். இந்த மலை ஈரத்தில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கழுத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. ரவிக்கையை மேலே ஏற்றித் தைத்து மறைத்துக்கொண்டு கான்வென்ட் தையல் ரூமுக்குப் போய்வருகிறேன். கழுத்துக்கு ஒரு கில்ட் எனக்கு. இடுப்புக்கு ஒரு கில்ட் அவளுக்கு. அதையும் நானே அலைந்து வாங்கி அனுப்ப வேண்டுமா?

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை. சமையல்கட்டுக்குப் போகிற நடையில் பாய் போட்டிருக்கிறேன். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள். கோயில், கான்வென்ட், வீடு. இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஓரிடத்துக்குப் போனால் காரணம் சொல்ல வேண்டும். என் சம்பளக் கவரைப் பிரிப்பதும் உங்கள் அண்ணன்தான்.

பதில் எழுதுகிற தைரியம் இருந்தால் கான்வென்ட் தையல் ரூம் முகவரிக்கு எழுதுங்கள். அவமானமாவது என்னோடு போகட்டும்.

ஜெயகுமாரி


பெங்களூர்
20-9-1986

என் குமாரிக்கு,

அந்த உயரமான ஆள் நான்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். சங்கிலியைப் பற்றி எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் எழுதிய கில்ட் கவரிங் நகை இல்லை. அது ஒரு பாவாடை. தலையில் அடித்துக்கொள்ளாதே, பொறுமையாகப் படி. ஸ்காட்லாந்து தேசத்து ஆண்கள் கட்டுவது. கட்டம் போட்ட கம்பளித் துணி, முன்னால் தட்டையாக, பின்னால் மடிப்பு மடிப்பாக, முழங்கால் வரை வரும். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கிற பேர் கில்ட். தமிழில் எழுதினால் உன் கழுத்துச் சங்கிலியும் என் இடுப்புப் பாவாடையும் ஒன்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் படிப்பாரே என்று மூடி மூடி எழுதப்போய் இப்படி ஆகிவிட்டது.

உங்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்த மாதிரி நான் சூப்பர்வைசர் இல்லை, குமாரி. ஓட்டலில் ஸ்காட்லாந்து மாதிரி ஒரு பார் போட்டிருக்கிறார்கள். அதன் வாசலில் கில்ட் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சல்யூட் வைக்க வேண்டும். சாயங்காலம் நின்றால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. கதவுக்கு உள்ளேயும் போகக் கூடாது, படியைவிட்டுக் கீழேயும் இறங்கக் கூடாது. எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லைன் லைனாகப் போய்க் குடியை விடச் சொல்கிற உபதேசியாரின் தம்பி சாராயக் கதவைத் திறந்துவிடுகிறான், அதுவும் பாவாடை கட்டிக்கொண்டு. இதை எப்படி அந்த வீட்டுக்கு எழுதுவேன்?

என் உயரத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். ஊரில் என்னை அந்த நெட்டை மரத்தின் பேரால் சில்வர்ஓக்கு என்று கூப்பிடுவார்களே, அந்த உயரம் இங்கே மட்டும்தான் உபயோகப்பட்டது. ஆனால் அந்தக் கில்ட் எனக்கு முன்னால் நின்ற குட்டை ஆளுக்குத் தைத்தது. எனக்கு முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. காற்றடித்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், அப்புறம் சல்யூட் எந்தக் கையால் வைப்பது? பார்க்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். மேனேஜர் போன மாதமே கூப்பிட்டு, "புதுசு தைக்க முதலாளி ஒத்துக்கமாட்டாரு. இருக்கிற கில்ட்டுக்குப் பொருந்துற ஆளைப் பிடிக்கிறதுதான் எங்களுக்கு மலிவு. நீயா ஒண்ணு கொண்டுவந்தா நிரந்தரம் பண்றேன்" என்றார். நவம்பர் நடுவில் பெரிய விருந்து இருக்கிறது. அதற்குள் வேண்டும்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறையில் நான்கு பேர் படுக்கிறோம். அதில் நான் ஒருவன்தான் நிமிர முடியாதவன். வாசலில் நிமிர்ந்து நிற்பது, உள்ளே குனிந்து கிடப்பது, இதுதான் என் பெங்களூர்.

நூலில் முதல் முடிச்சிலிருந்து இரண்டாவது முடிச்சு வரைக்கும் பார். இடுப்பிலிருந்து முழங்கால் நடு வரைக்கும் உள்ள அளவு அது.

உன்,
தேவசிகாமணி


ஏற்காடு
5-10-1986

மாமாவுக்கு,

தையல் ரூமில் மெஷின்மேல் கவிழ்ந்து சிரித்தேன். சிஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையும் வந்தது. இன்னொருத்தி இல்லை என்கிற நிம்மதியில் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. சூப்பர்வைசர் என்று என்னிடமும் பொய் சொன்னதை மட்டும் மறக்கமாட்டேன். அவர்களுக்குச் சொன்ன பொய்யை எனக்கும் ஏன் சொன்னீர்கள்?

சரி, உங்கள் பாவாடைக் கதைக்கு வருகிறேன்.

ஒண்டிக்கடை பஜாரில் பழைய கம்பளித் துணி விற்கிறவரிடம் கேட்டேன். ஸ்வெட்டர்தான் இருக்கிறது. கொட்டச்சேட்டுப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றில் சமையல்காரர் சென்றாயன் இருக்கிறாரே, அவரிடம் ஒரு கில்ட் இருப்பதாகச் சிஸ்டர் சொன்னார். கான்வென்ட் துணிக்கு அளவெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் போனேன். நிஜமாகவே இருந்தது. நாப்தலின் வாசனையோடு பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். நூலை வைத்தேன். இரண்டாவது முடிச்சு துணியைத் தாண்டி ஒரு கை கீழே போய் நின்றது. "ஏனுங்க, இத்தனை குட்டையா?" என்று கேட்டேன். "எங்க தொரையே அவ்வளவுதானுங்க அம்மிணி. நாற்காலிமேல ஏறித்தான் கடியாரத்துக்குச் சாவி குடுப்பாருங்க" என்றார். அதுவும் பூச்சி அரித்தது. வைத்துவிட்டு வந்தேன்.

கான்வென்ட் பாவாடைகளைச் சேர்த்துத் தைக்கலாமா என்றும் பார்த்தேன். மடிப்பு வைப்பது எனக்குப் புதிது இல்லை, தினமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அது பிள்ளைகள் துணி, மெல்லியது. காற்றில் எழும்பாமல் கனமாகத் தொங்க வேண்டும் என்றால் நல்ல கம்பளி வேண்டும். புதிதாக வாங்கினால் நீங்கள் பார்த்த கடைவிலைதான் வரும்.

கொட்டச்சேட்டுக்குப் போனது உங்கள் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஜீப்காரர் சொல்லிவிட்டார். இப்போது அவர் பெண் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரை நான் தையல் ரூமிலேயே காத்திருந்து அவளோடுதான் வீட்டுக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் காவல் நானா, எனக்குக் காவல் அந்தப் பிள்ளையா என்று தெரியவில்லை.

வேலையும் வேண்டாம் கில்ட்டும் வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள் என்று எழுதக் கை போகிறது. வந்தால் இதே நடையில் இன்னொரு பாய் போட வேண்டும். அதனால் எழுதவில்லை.

குமாரி


பெங்களூர்
12-10-1986

குமாரிக்கு,

போதும், நீ அலைய வேண்டாம். கோலாரிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறான். என் தோளுக்குக்கூட வரமாட்டான். நேற்று மேனேஜர் என்னைக் கழற்றச் சொல்லி அவனுக்குக் கட்டிப் பார்த்தார். நான் துண்டோடு ஓரமாக நின்றேன். அவனுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. விருந்து வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார். அதுவரை அவன் சமையல்கட்டில் வெங்காயம் உரிப்பான்.

விருந்துக்கு மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பொன்னுவேலிடம் அண்ணனே ஒரு வார்த்தை சொன்னால் ஏதாவது கிடைக்கும். அவர் சொல்கிறபடி இருந்துகொள்வோம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தேவசிகாமணி


ஏற்காடு
2-11-1986

மாமாவுக்கு,

கான்வென்ட் தபால் பார்சல்களோடு ஒன்றாகச் சேர்த்து உங்கள் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது பிரியுங்கள்.

பிரித்ததும் உங்களுக்கு அடையாளம் தெரியும். ஆமாம், அதேதான். உங்கள் அப்பா ரைட்டராக இருந்தபோது, துரை தன் தேசத்துக்குத் திரும்பும்முன் கொடுத்துவிட்டுப் போன சிவப்புப் பச்சைக் கட்டம் போட்ட கம்பளி. கிறிஸ்துமஸுக்கு ஃபாதர் வீட்டுக்கு வரும்போது அவர் உட்காரும் நாற்காலியில் மட்டும் விரிப்பார்களே, அந்தக் கம்பளி. வருடத்தில் மற்ற நாளெல்லாம் பெட்டியில் கிடக்கும்.

நீங்கள் "அவர் சொல்கிறபடி இருந்துகொள்வோம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இந்த நடையில் படுத்துக்கொண்டு நாளைக்கு நாளைக்கு என்று இருப்பது நீங்கள் வெளியே இருக்கிறீர்கள் என்கிற ஒரே தைரியத்தில்தான். நீங்களும் உள்ளே வந்துவிட்டால் இரண்டு பேரையும் வெளியே இழுக்க யார் இருக்கிறார்கள்?

மழை விட்டால் கம்பளிகளை வெயிலில் போடுவது என் வேலை. போன வாரம் ஒரு நாள் வெயில் வந்தது. எல்லாவற்றையும் போட்டேன், எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன், இதைத் தவிர. இது துணி மூட்டைக்குள் கான்வென்ட்டுக்குப் போய்விட்டது. பெட்டியில் அந்த இடத்தில் என் பழைய போர்வை இருக்கிறது.

கத்திரி வைக்கும்முன் சிலுவை போட்டுக்கொண்டேன். முதல் வெட்டுதான் கஷ்டம், அப்புறம் துணி துணிதான். நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பின் மடிப்புக்குள் போய்விட்டது, யாருக்கும் தெரியாது. கம்பளியின் ஓரக் குஞ்சத்தை வெட்ட மனசு வரவில்லை, முன்பக்க ஓரத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். இடுப்புக்குப் பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையிலிருந்து வாரும் பக்கிளும் எடுத்தேன். நீங்கள் மெலிந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். நூலில் சொன்ன இரண்டாவது முடிச்சுக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை.

இடுப்பில் மெத்தையாகத் தடிப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னைக் கூட்டிப்போய்விடுங்கள். ஃபாதர் வருகிற அன்றைக்குப் பெட்டி திறப்பார்கள். அன்றைக்கு நான் இங்கே இருக்கக் கூடாது.

குமாரி


பெங்களூர்
23-11-1986

என் குமாரிக்கு,

பார்சல் வந்த அன்று படிக்கட்டு அறையில் குனிந்துகொண்டே கட்டிப் பார்த்தேன். வெளியே வந்து நிமிர்ந்தேன். முழங்கால் நடுவில் வந்து அப்படியே நின்றது. காற்றடித்தது, அசையவில்லை. அப்பாவின் கம்பளி என்று தெரிந்ததும் குஞ்சத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் அதன்மேல் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

மேனேஜர் என்னை மூன்று பக்கமும் திரும்பச் சொன்னார். விருந்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர், "எந்த வம்சத்துக் கட்டம் இது?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவர்கள் தேசத்தில் வம்சத்துக்கு ஒரு கட்டம் உண்டாம். "ஷெவராய் ஹில்ஸ்" என்று நம் மலையின் பேரைச் சொன்னேன். பெரிதாகத் தலையாட்டினார். கோலார் ஆளைச் சமையல்கட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டிசம்பர் ஒன்றிலிருந்து எனக்கு வேலை நிரந்தரம். போட்டோ எடுத்திருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்கு இங்கிலீஷ் பேப்பரில் போடுவார்களாம்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழைய குட்டைக் கில்ட்டை மேனேஜர் தூக்கிப்போட்டுவிட்டார், இந்தக் கில்ட் எனக்கு மட்டும்தான் அளவு. அதனால் எனக்கு மாற்று ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் வாசலில் நான்தான் நிற்க வேண்டுமாம், படம் வந்த பிறகு ஜனங்கள் என்னைப் பார்க்கத்தான் வருவார்களாம். உன்னைக் கூட்டிவர ஏற்காட்டுக்கு வர முடியாது. ரூம் தேடவும் நேரம் இல்லை. வேலைக்காரர்களின் குடும்பம் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று ஓட்டலில் சட்டம் வேறு.

பிப்ரவரி வரை பொறுத்துக்கொள். பெட்டியைத் திறந்தால் பூச்சி அரித்துவிட்டது, எரித்துவிட்டேன் என்று சொல். உன்னை இப்படிப் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று இருக்கிறது. கில்ட் பொருந்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் உன் பக்கத்தில் இருந்திருப்பேன்.

தேவசிகாமணி


ஏற்காடு
16-12-1986

மாமாவுக்கு,

பூச்சி அரித்ததாகச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

நேற்று ரைட்டர் பொன்னுவேல் எஸ்டேட் ஆபீசுக்கு வந்த இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "உபதேசியாரே, இது நம்ம சில்வர்ஓக்கு தானுங்களே?" என்று நீட்டினார். நீங்கள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நன்றாக இருந்தீர்கள். நிஜமாகவே துரை மாதிரி இருந்தீர்கள்.

உங்கள் அண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாரைப் பார்க்கவில்லை. பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குஞ்சத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். என் போர்வையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

தம்பி சாராயக் கதவு திறக்கிறான் என்பதற்குக்கூட அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை, மாமா. "ஃபாதர் வந்தா எதுல உக்காருவாரு?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம், "அந்தக் கம்பளி முழுசா இந்த ஊட்டுக்கு வரோணும். வர்ற வரைக்கும் நீ கான்வென்ட்டுக்கும் போகோண்டாம், எங்கயும் போகோண்டாம்" என்றார்.

வெட்டினது வெட்டினதுதான், இனிமேல் அது முழுசாகாது என்றேன். "அப்ப நீயும் இந்த ஊட்ல இருக்க முடியாது" என்றார். கோபத்தில் சொல்லிவிட்டார். சொன்னதும் அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார், நான் காலில் விழுவேன் என்று எதிர்பார்த்தார்போல. எத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் "சரிங்க" என்றேன்.

ராத்திரி கான்வென்ட்டில்தான் படுத்தேன். சிஸ்டர் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தார். பெங்களூரில் அவர்கள் சபையின் பெண்கள் ஹாஸ்டலில் தையல்காரி வேண்டுமாம், கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே ஒரு கட்டில் கிடைக்கும். உங்களுக்கு இடம் கிடையாது, உயரமான ஆளாக இருந்தாலும். நீங்கள் உங்கள் படிக்கட்டுக்கு அடியில், நான் என் ஹாஸ்டலில். ஆனாலும் ஒரே ஊர்.

இன்னொரு கில்ட் தைக்கப் போகிறேன். இந்தத் தடவை உங்களுக்கு அல்ல, அந்தக் கோலார் ஆளின் அளவுக்கு; உயரம் போதாவிட்டால் அவனை ஒரு பலகைமேல் ஏற்றி நிறுத்தட்டும். வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் வாசலைவிட்டு இறங்க வேண்டும்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அந்த நடையில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். நன்றாக உற்றுப் பார்க்கும் வரைக்கும் அக்கா அதைத் தங்கம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வர முடியாது என்று தெரியும், நானே விசாரித்துக்கொண்டு உங்கள் ஓட்டல் வாசலுக்கு வருகிறேன். குடும்பம் வாசலில் நிற்கக் கூடாது என்பது சட்டம் என்றால் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். மேனேஜர் கேட்டால், கில்ட்டுக்கு அளவு பார்க்க ஏற்காட்டிலிருந்து தையல்காரி வந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வாங்கிக்கொள்ள நான் இங்கே இருக்கமாட்டேன்.

குமாரி